அந்த ஒரு ‘ம்’

போன வாரம் முழுக்க அந்த வீட்டில் இரண்டு விஷயங்கள் நிற்கவே மாட்டோம் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தன. ஒன்று, பிள்ளையின் வாந்தி. இன்னொன்று, ஆபீஸ் ரிப்போர்ட்டில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு மைனஸ்.

இன்று காலை இரண்டாவது நின்றுவிட்டது.

சேதி வந்தபோது அவள் குளியலறைத் தரையில் குத்துக்காலிட்டு மெத்தை உறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தத் திரிந்த பால் நாற்றம் போகவில்லை. தையலுக்குள் வெள்ளையாகத் திப்பிதிப்பியாக ஏதோ மாட்டியிருந்தது. பழைய பிரஷ்ஷால் நெம்பினாள். வந்தது, வந்த வேகத்தில் முழங்கையில் தெறித்தது.

"சீ, கருமம்!"

"யாரைம்மா திட்டறே?" வெளியிலிருந்து மாமனார்.

"யாரையும் இல்ல மாமா. குட்டி இப்ப..."

"சர்க்கரைத் தண்ணி குடிச்சா. உள்ளேயே நிக்குது. ஜுரம் விட்டாச்சு. டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன், சாயங்காலம் கூட்டிட்டு வரச் சொன்னார். நீ ஆபீஸ் கிளம்பு."

அவள் கேட்டது கால் கேள்வி. வந்தது நாலு பதில். மாமனார் எப்போதும் அப்படித்தான். எதிரே இருப்பவர் வாயைத் திறந்தால் போதும், மீதியை அவரே எழுதிக்கொள்வார்.

கல்யாணமான புதிதில் ஒருநாள், "அப்படி என்னதாம்மா உன் வேலை?" என்று கேட்டார். அவளும் உற்சாகமாக ஆரம்பித்தாள்.

"சிப்புக்குள்ள ஒரு கிளாக் டிக் டிக்னு அடிச்சுக்கிட்டே இருக்கும் மாமா. ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு வாசல்லேர்ந்து அடுத்த வாசலுக்குச் சேதி போகணும். அந்த மாதிரி லட்சக்கணக்குல பாதை. ஒவ்வொரு பாதைக்கும் எவ்வளவு நேரம் ஆகும்னு, சிப்பை ஓட்டிப் பார்க்காமலே கூட்டிப் பார்த்துச் சொல்றதுதான் என் வேலை. அடுத்த டிக்குக்குள்ள சேதி போய்ச் சேரலேன்னா..."

"லேட்! தப்பு."

"ஆமா. ஆனா ரொம்ப..."

"சீக்கிரம் போனா நல்லது!"

"அதான் மாமா இல்ல. சீக்கிரம் போனாலும் தப்பு. அங்கே ஏற்கெனவே நிக்கிற பழைய சேதி இன்னும் வேலையை முடிக்கலை. புதுசு போய் அதைத் தள்ளிவிட்டுடும். லேட்டா வந்தா கிளாக்கை மெதுவாக்கிச் சமாளிச்சுக்கலாம். சீக்கிரம் வந்துட்டா ஒண்ணும் பண்ண முடியாது, சிப்பு குப்பைக்குத்தான். உங்களை மாதிரி. நான் பேசி முடிக்கறதுக்குள்ள உங்க பதில் வந்து என் கேள்வியைத் தள்ளிவிடுது இல்லே?"

மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து யார் குறுக்கே பேசினாலும், "சிப்பு குப்பைக்கு!" என்பார். குறுக்கே பேசுகிறவர் எப்போதும் அவர்தான் என்பது வேறு விஷயம்.

போன் அடித்தது. ஈரக் கையால் தொட முடியாமல் முழங்கையால் ஸ்பீக்கரை அழுத்தினாள். நாத்தனார்.

"கடிகாரம்! எங்கே இருக்கே?"

கடிகாரம் என்பது நாத்தனார் வைத்த பெயர். வீட்டிலும் அதுதான், ஆபீஸிலும் அதுதான். வீடும் ஆபீஸும் ஒன்றாகிப்போன குடும்பத்தில் பெயர் மட்டும் எதற்கு இரண்டு? கம்பெனி நாத்தனாருடையது. சிப்புக்குள் எதை எங்கே வைப்பது என்ற லேஅவுட் வேலை, நாத்தனாரின் தம்பிக்கு. அதாவது இவள் கணவனுக்கு. கடைசியாக நேரம் பார்த்து ஓகே சொல்வது இவள். இவள் சொல்லாமல் எந்தச் சிப்பும் ஃபேக்டரிக்குப் போகக் கூடாது. நாத்தனாரே போட்ட சட்டம் அது.

"பாத்ரூம்ல இருக்கேன், அக்கா."

"அங்கேயே கேட்டுக்கோ. கிளீன்! ஒரு மைனஸ் கிடையாது. தம்பி விடியறதுக்கு முன்னாடியே வந்து உக்காந்து முடிச்சுட்டான்."

"எப்படி முடிச்சார்?"

"உனக்கு எப்படி முடிச்சான்னு வேணுமா, முடிஞ்சுதான்னு வேணுமா? சாயங்காலம் அந்த மருந்து ஏத்தற பம்ப் கம்பெனிக்காரர் லைன்ல வருவார். அவர் காதுல விழற மாதிரி டைமிங் ஓகேன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான் உன் வேலை. உடனே ஃபேக்டரிக்கு அனுப்பிடலாம். அப்புறம்..."

"சொல்லுங்க அக்கா."

"நல்ல டிரெஸ்ஸா போட்டுட்டு வா. அன்னிக்குத் தோள்ல என்னமோ காஞ்சு ஒட்டிக்கிட்டிருந்தது. பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது, ம்மா."

போன் வைக்கப்பட்டது. அவள் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தாள். சந்தோஷப்பட வேண்டிய சமயம்தான். ஏனோ வரவில்லை.

அந்த மைனஸ், சேதி சீக்கிரம் வந்துவிடுவதைக் காட்டுகிற ரகம். அதைச் சரிசெய்ய ஒரே வழி, பாதை நடுவே பஃபர் வைப்பது. ரோட்டில் வேகத்தடை போடுகிற மாதிரி. ஆனால் சிப்பின் அந்த மூலையில் வேகத்தடை போட இடமே இல்லை. நெருக்கியடித்து நிற்கிறது. பக்கத்திலிருப்பதையெல்லாம் நகர்த்தினால்தான் உண்டு, அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்று முந்தாநாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னவன் அவள் கணவன்தான்.

விடியற்காலையில் உட்கார்ந்தானாம், முடித்துவிட்டானாம்.

*

ஆபீஸ் வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பெனியின் முதல் சிப்பு விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தது. பிறந்த குழந்தைகளை வைக்கும் சூட்டுப்பெட்டிக்காகச் செய்தது. இப்போது எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. வருகிறவர்களையெல்லாம் நாத்தனார் அதன் முன்னால் நிறுத்தி இரண்டு நிமிடம் பேசாமல் உள்ளே விடமாட்டாள்.

இன்று அந்தக் கண்ணாடிமேல் யாரோ எண்ணெய்க் கை வைத்திருந்தார்கள். ஐந்து விரலும் பதிந்திருந்தது.

அவள் தன் இடத்துக்குப் போனாள். ஏசி நேற்றைய சாப்பாட்டு வாசனையை இன்னும் சுற்றிச் சுற்றி ஊதிக்கொண்டிருந்தது. ரிப்போர்ட்டைத் திறந்தாள். கிளீன்தான். எல்லாம் பச்சை. மைனஸ் இருந்த இடத்தைத் தேடினாள். காணோம்.

சரி, காணோம் என்பதில் இரண்டு வகை உண்டு. உண்மையிலேயே சரிசெய்த பாதையாக இருந்தால், அந்தப் பாதை அங்கேயே இருக்கும், மைனஸ் போய்க் கொஞ்சம் பிளஸ் வந்திருக்கும். நேரத்தில் கொஞ்சம் மிச்சம். அதை அவள் மிச்சம் என்றுதான் சொல்வாள்.

பெயர் சொல்லி அந்த ஒரு பாதையை மட்டும் கேட்டாள். இந்த வாசலிலிருந்து அந்த வாசலுக்கு எவ்வளவு மிச்சம், சொல்.

கம்ப்யூட்டர் சொன்னது: அப்படி ஒரு பாதையே இல்லை.

மறுபடி கேட்டாள். இல்லை.

கம்பி அங்கேயேதான் இருந்தது. லேஅவுட்டில் ஒரு இம்மிகூட நகரவில்லை. ஆனால் பார்க்காதே என்று யாரோ கம்ப்யூட்டரின் கண்ணைப் பொத்தியிருந்தார்கள். அந்தத் தொழிலில் அதற்குப் பெயர் ஃபால்ஸ் பாத். பொய்ப்பாதை. கம்பி இருக்கும், ஆனால் அதில் சேதி ஓடாது என்று உறுதியாகத் தெரிந்த இடங்களுக்கு மட்டும் போடுவது. ஓடாத பாதைக்கு நேரம் எதற்குக் கணக்குப் பார்க்க வேண்டும்? நியாயமான வசதிதான். நியாயமாகப் பயன்படுத்தினால்.

அவன் இடத்துக்கு எழுந்து போனாள். மேஜைமேல் பாதி குடித்த டீ. ஆடை படிந்து, அதில் ஒரு கொசு மிதந்துகொண்டிருந்தது. அவன் அதைத் தள்ளிவைத்துவிட்டுச் சிரித்தான்.

"பார்த்தியா? கிளீன்!"

"எங்க போச்சு அது?"

"எது?"

"அளவு வைக்கிற இடத்துலேர்ந்து மோட்டாரை ஓட்டற இடத்துக்குப் போகுமே, அந்தப் பாதை."

"ஓ, அதா? அது ஃபால்ஸ் பாத் பா. மருந்து அளவை ஒரே ஒரு தடவை வைப்பாங்க. வெச்சப்புறம்தான் பம்ப் ஓடும். ஓடும்போது அது மாறவே மாறாது. மாறாத இடத்துல சேதி எங்கேர்ந்து சீக்கிரம் வரும்?"

"யார் சொன்னா மாறாதுன்னு?"

அவன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தான். நிஜ ஆச்சரியமா, செய்துவைத்ததா என்று அப்போது தெரியவில்லை.

"நீதான்."

"நானா?"

"நேத்து விடியக்காலைல கேட்டேனே. மருந்து அளவு ஒரு தடவைதானே வைப்பாங்கன்னு. நீ ‘ம்’னே."

நேற்று விடியற்காலை. அவள் கண்முன் வந்தது. கட்டிலோரம் அவள் முழங்கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு முதுகு வழியே வாந்தி எடுக்கிறது. சூடாக, ரவிக்கைக்குள் இறங்குகிறது. ஒரு கையில் பக்கெட், இன்னொரு கை பிள்ளையின் நெற்றியில். எங்கேயோ பின்னாலிருந்து அவன் குரல் என்னவோ கேட்கிறது. அவள் பிள்ளையிடம், ‘ஒண்ணுமில்லடா, எடுத்துடு, எடுத்துடு’ என்கிறாள். நடுவே ஒரு ‘ம்’.

"அது உனக்குச் சொன்ன ‘ம்’ மா? குட்டிக்குச் சொன்ன ‘ம்’ மா?"

"எனக்கு எப்படித் தெரியும்? கேட்டேன், ‘ம்’னே. நீ சொன்னதா உன் பேரைப் போட்டு எழுதிட்டேன். கடிகாரம் ஓகேன்னு."

"என் பேரையா போட்டீங்க?"

அவன் முகம் மாறிற்று. அந்த ‘ங்க’ விழுந்ததைக் கவனித்துவிட்டான். மாமனார் முன்னால் நீங்க, தனியே நீ. அதுதான் அவர்கள் வழக்கம். தனியே இருக்கும்போது அவளுக்கு மரியாதை வந்தால், கோபம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

"இங்க பாரு பா, இப்ப என்ன ஆயிடுச்சு..."

"புது மாடல் பம்புல, மருந்து ஏறிட்டிருக்கும்போதே அளவை மாத்தலாம். போன மாசம் பம்ப் கம்பெனி அனுப்பின குறிப்புலயே இருக்கு. நாம ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்துதானே படிச்சோம்?"

அவன் டீ கிளாஸை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தான்.

"அக்காகிட்ட பேசு," என்றான்.

*

நாத்தனார் ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தாள். சுளையை வாயில் போட்டு, விதையை உள்ளங்கையில் துப்பி, அந்த விதைகளை மேஜைமேல் ஒரு காகிதத்தில் வரிசையாக வைத்துக்கொண்டே பேசினாள்.

"உக்காரு. தம்பி சொன்னான். என்ன பிரச்னை?"

"அது பொய்ப்பாதை இல்லை, அக்கா. நிஜப் பாதை."

"ஒரு சின்ன மைனஸ்."

"சீக்கிரம் வர்ற மைனஸ். மருந்து அளவை ஏழுலேர்ந்து எட்டுக்கு மாத்தினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். நாத்தனாரும் அதே படிப்புப் படித்தவள்தான். சிப்புக்குள் எண்கள் விளக்கு மாதிரி. எட்டு, நாலு, இரண்டு, ஒன்று என்று நாலு விளக்கு; எரிகிறதைக் கூட்டினால் எண். முதலாவது அணைந்து மற்ற மூன்றும் எரிந்தால் ஏழு. முதலாவது மட்டும் எரிந்து மூன்றும் அணைந்தால் எட்டு. நர்ஸ் ஏழை எட்டாக்குகிறாள். முதல் விளக்கின் புதுச் சேதி மட்டும் அவசரமாக முன்னால் ஓடிவந்துவிடுகிறது. மற்ற மூன்றும் இன்னும் பழையபடி எரிகின்றன. அந்தக் கணத்தில் பம்ப் அதைப் பிடித்துக்கொண்டால், நாலும் எரியும். நாலும் எரிந்தால் பதினைந்து.

திரையில் எட்டு என்றுதான் காட்டும். குழாயில் இறங்குவது பதினைந்து. நர்ஸ் மறுபடி வந்து தொடுகிற வரைக்கும்.

"எல்லாச் சிப்புலயுமா நடக்கும்?" நாத்தனார் அடுத்த சுளையைப் பிய்த்தாள். "தயாராகும்போதே வேகமா ஓடற மாதிரி அமைஞ்சுபோற ஏதோ ஒண்ணு ரெண்டுல."

"அந்த ஒண்ணு ரெண்டு யார் கட்டில் பக்கத்துல நிக்கும்னு தெரியுமா அக்கா?"

"நாடகமாடாதே. கையேட்டுல ஒரு வரி போட்டுடலாம். அளவை மாத்தணும்னா முதல்ல பம்பை நிறுத்தவும். முடிஞ்சுது."

"ராப்பகலா ஓடற நர்ஸ் கையேட்டைப் படிச்சுட்டா பட்டனை அழுத்துவாங்க?"

"படிக்காதது அவங்க தப்பு. நம்ம தப்பு இல்லை."

நாத்தனார் விதை துப்பினாள். அது காகிதத்தில் விழாமல் மேஜையில் விழுந்து, எச்சிலோடு பளபளத்தது. இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாரம் முழுக்க பிள்ளையின் வாந்தியை வெறுங்கையால் அள்ளியவளுக்கு, அந்த ஒரு விதையைப் பார்க்க முடியவில்லை.

"என் பேரைப் போட்டிருக்கார் அக்கா. நான் சொன்னதா."

"நீ சொன்னதுதானே? ‘ம்’னியாமே?"

"அது..."

"பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. நீயும் தூங்கலை. என்ன சொன்னோம்னு உனக்கே ஞாபகம் இருக்காது. அவனும் களைச்சுப் போயிருக்கான். பாவம், ரெண்டு பேருமே. யாரும் வேணும்னு செய்யலை. இதைப் போய்ப் பெரிசாக்கிட்டு." குரல் திடீரென்று வீட்டுக் குரலானது. மேடம் எழுந்து போய் அக்கா வந்து உட்கார்ந்தாள். "கண்ணு, இது நம்ம குடும்பத்துக் கம்பெனி. இன்னிக்கு அனுப்பலேன்னா ஃபேக்டரியில நம்ம இடம் வேற ஆளுக்குப் போயிடும். அந்த மனுஷன் நம்மளை விட்டுட்டு வேற இடம் பார்ப்பான். சாயங்காலம் நீ ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம். நான் கேட்பேன். நீ நேத்து சொன்ன அதே ‘ம்’மைச் சொல்லு. போதும்."

ஆரஞ்சுச் சாறு வழிந்த விரலால் இவள் கன்னத்தைத் தட்டினாள்.

அறையை விட்டு வெளியே வந்ததும் முதலில் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். பிசுபிசுப்பு போகவில்லை.

*

ஆனாலும் மனசு ஒரு மூலையில் அவனுக்காக வாதாடத்தான் செய்தது. களைப்பு. தூக்கமில்லை. நானும் ‘ம்’ என்றுதானே சொல்லித் தொலைத்தேன்? கேட்டவன் கேட்டான், சொன்னவள் சொன்னாள். தப்பு எங்கே நடந்தது என்று யார் கண்டது? சாயங்காலம் அவனைத் தனியே கூப்பிட்டுப் பேசிச் சரிசெய்துவிடலாம்.

மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டாள்.

"மாமா, குட்டி..."

"தூங்கறா. வாந்தி இல்லை. சாப்பிட்டா. நீ சாப்பிட்டியா? அவன் சாப்பிட்டானா?"

"ம். மாமா, நேத்து விடியக்காலைல அவர் என்கிட்ட ஏதோ கேட்டாராமே, உங்களுக்கு..."

"கேட்டானே! எனக்குத் தெரியும். நான் ஹால்லதானே படுத்திருந்தேன்? ரூம் வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போனான். என்னடா பூனை மாதிரி நடக்கறே, உள்ள போய்க் கேக்க வேண்டியதுதானேன்னேன். ‘இருப்பா, அவ இப்ப சும்மா இருக்கா’ன்னான். சும்மா இருந்தா கேக்க வேண்டியதுதானேடான்னு நான் திரும்பிப் படுத்துட்டேன். அப்புறம் குட்டி வாந்தியெடுக்க ஆரம்பிச்சா பாரு, அப்பதான் உள்ளே போனான். பிள்ளையைத் தாங்கப் போறானாக்கும்னு நினைச்சேன். போனான், வந்துட்டான். பக்கெட்டைக்கூடத் தூக்கலை. ஏன்மா, என்ன கேட்டான்?"

அவள் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹலோ? ம்மா? நான் ஏதாவது சீக்கிரமா சொல்லிட்டேனா?"

"இல்ல மாமா," என்றாள். "நீங்க சரியான நேரத்துலதான் சொன்னீங்க."

போனை வைத்தாள்.

அவ இப்ப சும்மா இருக்கா.

அதாவது, இப்போது கேட்டால் யோசிப்பாள். புரிந்துகொள்வாள். இல்லை என்று சொல்வாள். ஆகவே காத்திருந்திருக்கிறான். பெற்ற பிள்ளை குமட்டுகிற சத்தத்துக்காக வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். வந்ததும், சரியாக அந்த டிக்கில், கேள்வியை உள்ளே விட்டிருக்கிறான். அவளுக்குத் தெரிந்த டைமிங் எல்லாம் அவனுக்கும் தெரியும்.

அவள் எழுந்து கழிப்பறைக்கு ஓடினாள். ஒன்றும் வரவில்லை. காலையிலிருந்து சாப்பிட்டால்தானே. வெறும் புளித்த நீர் தொண்டை வரை வந்து திரும்பிப் போயிற்று. தோளில் முகத்தைத் துடைத்தபோது அந்த நாற்றம் அடித்தது. நல்ல டிரெஸ்தான். காலையில் புதிதாக எடுத்து உடுத்தியதுதான். நாற்றம் தன் மேலிருந்து வருகிறதா, அந்த ஆபீஸிலிருந்து வருகிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

*

சாயங்காலம் நீள மேஜை அறை. நடுவில் போன். ஒரு பக்கம் நாத்தனார், விதையெல்லாம் துடைத்த சுத்தமான கைகளோடு. எதிரே அவன், பேனாவைத் திறந்து மூடிக்கொண்டு. கடைசி நாற்காலியில் இவள்.

"வணக்கம், எல்லாருக்கும்!" பம்ப் கம்பெனிக்காரரின் குரல் குளிர்ச்சியாக இருந்தது. "எங்க டீமே உங்க சேதிக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கு."

"நல்ல சேதிதான் சார்," என்றாள் நாத்தனார். "ஒவ்வொருத்தரா கேட்டுடறேன். லேஅவுட்?"

"ஓகே," என்றான் அவன். பேனா நின்றது.

"டைமிங்?" நாத்தனார் இவள் பக்கம் திரும்பினாள். சிரித்தாள். பாதி மேடம், பாதி அக்கா. "எல்லாம் கிளீன்தானே, ம்மா?"

இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். வாயைத் திறக்கக்கூட வேண்டாம். மூடியபடியே ஒரு சின்ன ஒலி. அதைச் சொல்லிவிட்டு எழுந்து வீட்டுக்குப் போகலாம், பிள்ளையை டாக்டரிடம் கூட்டிப்போகலாம்.

"சார், ஒரு கேள்வி," என்றாள் அவள்.

"கேளுங்கம்மா."

"மருந்து ஏறிட்டிருக்கும்போதே நர்ஸ் அளவை மாத்துவாங்களா?"

நாத்தனாரின் சிரிப்பு அப்படியே நின்றது, கழற்ற மறந்த தோடு மாதிரி. அவன் பேனாவைக் கீழே வைத்தான்.

"மாத்துவாங்களே!" என்றது போன், சந்தோஷமாக. "அதுக்குத்தானே இந்தப் புது மாடலே. நிறுத்திட்டு மாத்தினா நோயாளிக்கு ஆகாதுன்னுதான் ஆஸ்பத்திரிக்காரங்க எங்களைப் பிடுங்கி எடுத்தாங்க. ஏம்மா, ஏதாவது..."

"அப்ப அந்தப் பாதை நிஜம் சார். அதுல சேதி ஓடும். அதுல இன்னும் மைனஸ் இருக்கு. நான் ஓகே சொல்லலை. நேத்தும் சொல்லலை. என் பேருல ஓகேன்னு எழுதியிருந்தா அது நான் எழுதினது இல்லை."

நாத்தனாரின் கை போன்மேல் பாய்ந்தது.

"சார், உள்ளுக்குள்ள ஒரு சின்ன விளக்கம் பாக்கி. நாங்களே கூப்பிடறோம்." அழுத்தினாள். பச்சை விளக்கு அணைந்தது.

ஏசி ஊதிக்கொண்டிருந்தது.

"குடும்பத்தைக் கொண்டுபோய் நடுத்தெருவுல நிறுத்திட்டே," என்றாள் நாத்தனார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் நிறுத்தினது சிப்பை, அக்கா."

"வெளி ஆளு முன்னாடி! கூடப் பொறந்தவ மாதிரி நினைச்சேன் உன்னை."

"உங்க கூடப் பொறந்தவர்கிட்டயே கேளுங்க, விடியக்காலைல ரூம் வாசல்ல எதுக்கு நின்னார்னு."

நாத்தனார் தம்பியைப் பார்க்கவில்லை. விஷயம் தெரியாதவளாக இருந்தால் சட்டென்று அவனைத் திரும்பிப் பார்த்திருப்பாள். நாத்தனாரோ மேஜையைப் பார்த்தாள். ஓகோ, என்று நினைத்துக்கொண்டாள் கடிகாரம். அந்த யோசனை எங்கிருந்து கிளம்பியது என்று இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

*

கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் காலடி கேட்டது. பூனை நடை.

"அப்பா சொன்னாரா?" என்றான்.

அவள் சோப்பை எடுத்தாள்.

"அக்காதான் சொன்னா, அவ வேலையா இருக்கும்போது கேளுன்னு. எனக்கே பிடிக்கலை. ரெண்டு தடவை திரும்பி வந்தேன்."

"பிடிக்காமதான் மூணாவது தடவை போனீங்களா?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. அழுதுவிடுவான் போலிருந்தது. போன வாரம்வரை அந்த முகத்தைப் பார்த்தால் அவளுக்கு மனசு இளகியிருக்கும். இப்போது அந்த ஈரக் கண்கூட அவளுக்குப் பிசுக்காகத்தான் பட்டது.

"நான் இன்னொண்ணு சொல்லணும்," என்றான். "இப்ப சொல்லலேன்னா எப்பவும் சொல்லமாட்டேன்."

அவள் கையைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"வாசல்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கே..."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அந்தச் சூட்டுப்பெட்டிச் சிப்பு. அப்ப குட்டி கைக்குழந்தை. நீ பால் கொடுத்துக்கிட்டே கண் அசந்துடுவே. ஒருநாள் மத்தியானம்... அதுலயும் ஒரு பாதை, பா. அதுக்கும் நான் கேட்டேன். அதுக்கும் நீ..."

முடிக்கவில்லை அவன். முடிக்க வேண்டியிருக்கவில்லை.

அவள் குழாயை மூடினாள். சத்தம் நின்றதும், முன் அறையில் நாத்தனார் யாருக்கோ போனில் சிரித்துச் சிரித்துப் பேசுவது கேட்டது. கண்ணாடிப் பெட்டியின் விளக்கு இங்கே வரைக்கும் ஒரு கீற்றாக விழுந்திருந்தது. அந்தச் சிப்பு இங்கே ஒன்றுதான் சும்மா உட்கார்ந்திருக்கிறது. மற்றதெல்லாம் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன, உள்ளே குழந்தைகளோடு.

"எந்தப் பாதைன்னு சொல்றேன்," என்றான் அவன். "கேக்கறியா?"

அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டாள். ‘ம்’ சொல்வதற்கும் உதட்டை மூடத்தான் வேண்டும், சொல்லாமல் இருப்பதற்கும் மூடத்தான் வேண்டும். எது என்று தெரியாமல் அவன் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றான், சத்தம் வருமா என்று.